சிக்கல் வந்தால்தான் அடுத்த வரி

பிள்ளைகளுக்கான முதல் வாசிப்புப் பக்கங்கள் பலவும் இந்த மாதிரி இருக்கும்: “இது மரம். மரத்தில் கிளி. கிளி பச்சை. கிளி பறக்கும்.” எழுத்துகள் சரியாக இருக்கும், சொற்கள் எளிதாக இருக்கும், பக்கத்தில் அழகான படமும் இருக்கும். ஆனால் இரண்டாவது வரியை வாசித்த பிள்ளைக்கு மூன்றாவது வரிக்குப் போக ஒரு காரணமும் இல்லை. கிளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு எதுவும் தேவைப்படவும் இல்லை. டீச்சர் சொல்கிறார் என்பதற்காகப் பிள்ளை வாசிக்கும், மணி அடித்ததும் மூடி வைத்துவிடும்.

அதற்குப் பதிலாக, “ஒரு செருப்பைக் காணோம். மணி எட்டரை. பஸ் வரும் நேரம்” என்று எழுதிப் பாருங்கள். எழுத்துகளின் கடினம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். செருப்பு கிடைத்ததா, நாய் தூக்கிக்கொண்டு போனதா, பஸ்ஸை விட்டுவிட்டார்களா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக ‘ழ’வோ ‘ற’வோ குறுக்கே வந்தாலும் தாண்டிப் போகும். அன்றாடச் சிக்கல்களைக் கதையாக்கி வாசிக்கக் கற்றுத்தருவதன் பலம் இங்கேதான் இருக்கிறது. இதை வெறும் ஆர்வமூட்டும் உத்தி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிக்கல் வந்த பிறகுதான் மொழியின் முக்கியமான பாகங்கள் வேலை செய்யவே தொடங்குகின்றன. அது எப்படி என்பதைத் திருநெல்வேலிச் சீமையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த மண்ணுக்கு இது புதிய யோசனையும் இல்லை. காமநாயக்கன்பட்டி அன்றைய நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஊர், இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர், தமிழ் படிக்க வரும் ஐரோப்பியர்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று எழுதியதுதான் பரமார்த்த குரு கதை. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். நமக்கு அது சிரிப்புக் கதை. மொழிப் பாடமாக எடுத்துப் பார்த்தால் அதன் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். கடந்த பிறகு எண்ணினால் ஒரு ஆள் குறைகிறது, ஏனென்றால் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். குருவுக்கு நடக்க முடியவில்லை, குதிரை வாங்கக் காசில்லை, அதனால் குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயை வாங்கி வருகிறார்கள். வாடகைக்கு மாடு பிடித்தால், அதன் நிழலில் உட்கார்ந்ததற்கும் மாட்டுக்காரன் காசு கேட்கிறான். ஆறு, எண்ணிக்கை, பயணம், வாடகை என்று எல்லாமே அன்றாடத் தடங்கல்கள்தான். ஒவ்வொன்றிலும் யாராவது கேள்வி கேட்க வேண்டும், பேரம் பேச வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சந்தேகப்பட வேண்டும். எச்சங்களையும் எதிர்மறை வினைகளையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தால் ஒட்டாது. அந்தப் பேச்சுக்குள் அவை தானாக வந்து உட்காரும்.

பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த இயக்கங்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. 1963இல் பிரேசிலில் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களை வைத்துக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே நடத்திய 40 மணி நேர எழுத்தறிவு வகுப்புகள் பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டன. செங்கல் போல அவர்கள் நாளெல்லாம் கையில் எடுக்கிற பொருளின் பெயரிலிருந்து எழுத்து தொடங்கும். பேச்சு அப்படியே வீடு, கூலி என்று போகும். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் பரவிய அறிவொளி இயக்கத்தின் பாடப்புத்தகத்தில் முதலில் வந்த சொற்களில் ஒன்று ‘பட்டா’. நிலத்துக்கும் மனைக்கும் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுத்தை மட்டும் காட்டினால் போதும். நெல்லைக் கிராமங்களில் பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டு ராத்திரி வகுப்புக்கு வந்த பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கடையில் கொடுத்த பீடியில் எத்தனை கழித்தார்கள், பாஸ் புத்தகத்தில் எத்தனை ஏறியது என்பதைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்க வேண்டிய தேவை அவர்கள் கையிலேயே இருந்தது.

இப்போது எழுத்துப் பயிற்சிக்கு வருவோம். கதை சொன்னால் எழுத்து தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு எளிய கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைப் பார்த்துச் சொல்லாக மாற்றும் திறனையும், சொல்லக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இது கூட்டல் கணக்கில்லை, பெருக்கல் கணக்கு. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கறுப்புக் கோடுகள்தான். எழுத்துக்கூட்டி ஒப்பிக்கிற பிள்ளைக்கு விஷயம் புரியவில்லை என்றால் அதுவும் வாசிப்பு ஆகாது.

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உயிர் 12, மெய் 18, அவற்றைச் சேர்க்கும் குறிகள் சில. இவை பிடிபட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும். ஆனால் பிடிபடும் வரைக்கும் உழைப்புதான். ‘கொ’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, ஒலி மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. ஒரே ‘க’ கடலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் அகலில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. எங்கள் பக்கத்தில் பழம் ‘பளம்’ ஆகிவிடும். காதில் கேட்டபடி எழுதுகிற பிள்ளை ‘வாளப்பளம்’ என்று எழுதுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் தினமும் எழுத்துப் பயிற்சி வேண்டும். கதை அந்தப் பயிற்சிக்கு மாற்று கிடையாது. பயிற்சி எதற்காக என்பதைப் பிள்ளைக்குக் காட்டும் வேலைதான் கதையினுடையது.

பெருக்கலின் இரண்டாவது பாதியில், அதாவது புரிந்துகொள்வதில்தான், அன்றாடச் சிக்கல் பெரிய உதவி செய்கிறது. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களில் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல’ வாசகர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு, எதைப் பற்றி வாசிக்கிறோமோ அதைப் பற்றிய அறிவு.

இதை நெல்லைக்குக் கொண்டுவந்து பாருங்கள். “குளம் மறுகால் பாய்ந்தது. பாதைக்கு மேல் தண்ணீர்” என்று ஒரு கதை தொடங்கினால், கால்வாய்ப் பாசன ஊர்ப் பிள்ளைக்குப் பாதிக் கதை அப்போதே தெரிந்துவிடும். குளம் நிறைந்துவிட்டது, தண்ணீர் இழுக்கும், முழங்கால் வரைக்கும் வரலாம், சைக்கிளை உருட்ட முடியாது, சுற்றிப் போனால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். இவ்வளவும் வரியில் இல்லை. பிள்ளையிடம் இருக்கிறது. அதே பிள்ளைக்கு மெட்ரோ ரயில் நிலையத்தில் டோக்கன் தொலைந்த கதையைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் ஒரு புது விஷயத்தைக் கற்பனை செய்ய வேண்டும். அதிலேயே மூச்சு போய்விடும். மெட்ரோ கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்துக்கூட்டவே திணறுகிற காலத்தில் அது வேண்டாம். முடுக்கு (சந்து), வாறுகால் (சாக்கடை), தட்டட்டி (மொட்டை மாடி), வளவு (பல வீடுகள் சேர்ந்த இடம்) என்று பிள்ளை புழங்குகிற இடத்தில் கதை நடக்கட்டும். எழுத்து ஓடத் தொடங்கிய பிறகு உலகம் எங்கேயும் போகலாம்.

ஒரு கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

“ஆச்சி ரேஷன் கடைக்குப் போனார். மாரியும் கூடப் போனாள். வரிசை நீளம். வெயில் ஏறியது. ஆச்சி மெஷினில் விரலை வைத்தார். ரேகை விழவில்லை. மறுபடியும் வைத்தார். அப்போதும் விழவில்லை. ‘இன்னைக்கு அரிசி கிடைக்காதோ?’ என்றார் ஆச்சி. ‘சீக்கிரம் பாருங்க ஆச்சி’ என்றார் பின்னால் நின்ற அண்ணாச்சி. மாரி ஆச்சியின் விரலைப் பார்த்தாள். நுனியில் பீடித் தூள் ஒட்டியிருந்தது.”

இங்கே புத்தகத்தை மூடிவிட வேண்டும். வகுப்பில் இதுதான் முக்கியமான கணம். “என்ன செய்யலாம், சொல்லுங்கலே” என்றால் போதும். “தண்ணி தொட்டுத் தொடச்சா வுழும் டீச்சர்.” “வேற வெரல வைக்கணும்.” “எங்க ஆச்சிக்கும் வுழாது, எங்கம்மைய கூட்டிட்டு வரச் சொல்லுவாவ.” “மெசினுதான் கெட்டுப்போச்சு.” நாலு பிள்ளைகள், நாலு யோசனைகள். கரும்பலகையில் அவற்றை எழுதும்போது கவனியுங்கள்: துடைத்தால் விழும். வேறு விரலை வைக்க வேண்டும். அம்மாவை அழைத்து வரச் சொல்வார்கள். மெஷின் கெட்டுப்போயிருக்கும். நிபந்தனை, கட்டாயம், பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது, ஊகம். பெரிய வகுப்பு இலக்கணத்தில் பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் ஆறு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட்டது. கிளி பச்சை என்ற பக்கத்தை எத்தனை தடவை வாசித்தாலும் இதில் ஒன்றுகூட வராது.

மீதிக் கதை இது: “மாரி பாவாடை நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். ஆச்சியின் விரலைத் துடைத்தாள். ‘இப்ப வைங்க ஆச்சி.’ ஆச்சி வைத்தார். துடைத்தும் விழவில்லை. மாரி யோசித்தாள். ‘அந்தக் கையை வைங்க ஆச்சி.’ ஆச்சி இடது கைக் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு வைத்தார். மெஷின் ‘பீப்’ என்றது.”

முதல் முயற்சி தோற்க வேண்டும் என்பது எனக்குக் கட்டாயமாகப் படுகிறது. ஸ்டைன், கிளென் என்ற இருவர் 1979இல் பிள்ளைகள் கதையை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து, தொடங்கிவைக்கும் ஒரு நிகழ்வு, அதனால் ஒரு ஆளுக்கு ஒரு தேவை, ஒரு முயற்சி, அதன் விளைவு என்ற எலும்புக்கூடு இருந்தால் கதை மனதில் நிற்கிறது என்று காட்டினார்கள். முயற்சி உடனே பலித்துவிட்டால் ‘துடைத்ததால் விழுந்தது’ என்ற ஒரு உறவோடு மொழி நின்றுவிடும். தோற்றால்தான் ‘துடைத்தும் விழவில்லை’ வரும். ‘துடைத்ததால்’, ‘துடைத்தும்’ இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் ரொம்பச் சின்னது, அர்த்தத்தில் உள்ளது பெரியது. வேகமாக வாசிக்கிற பிள்ளைகள் பலர் பெரிய வகுப்பில் அறிவியல் பாடத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது இந்த ‘உம்’மைக் கவனிக்காமல் விடுவதாலும் இருக்கலாம். ஆனால், இருந்தாலும், அதற்குள், இல்லாவிட்டால், ஒருவேளை: இந்தச் சொற்களெல்லாம் தடங்கல் இருக்கிற இடத்தில் மட்டுமே வாழ்கின்றன. படம் போட்டு இவற்றை விளக்க முடியாது. ‘ஆனால்’ என்பதற்கு என்ன படம் போடுவது?

அப்புறம் கேள்விகள். “ரேஷன் கடைக்குப் போனது யார்?” என்று கேட்டால் பிள்ளை முதல் வரியைத் தேடிப்பிடித்துத் திரும்பச் சொல்லிவிடும், புரிந்ததா இல்லையா என்று தெரியாது. “அண்ணாச்சி ஏன் அப்படிச் சொன்னார்?” என்று கேளுங்கள். வரிசை, வெயில், இரண்டு தடவை விழாதது என மூன்றையும் சேர்த்தால்தான் பதில் வரும். “ஆச்சி விரலில் ஏன் பீடித் தூள்?” என்று கேட்டால் மெஷினைத் தாண்டி வீட்டுக்குள் போய்விடுவார்கள். தட்டு, இலை, தூள், நூல், கத்தரி என்று அவர்கள் சொல்லச் சொல்லச் சொல்பட்டியல் ஒன்று கிடைக்கும், அடுத்த நாள் எழுத்துப் பயிற்சிக்கு அதுவே போதும். எழுத்து இன்னும் பிடிபடாதவர்களுக்கு இதே கதையை “ஆச்சி வந்தார். விரல் வைத்தார். விழவில்லை” என்று சுருக்கிக் கொடுக்கலாம். சிக்கல் அதிலும் இருக்கிறது. எளிமையாக்குகிறேன் என்று சிலர் சிக்கலை எடுத்துவிட்டு வரிசையையும் வெயிலையும் வைத்துக்கொள்வார்கள். அது வேண்டாம்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய தடை. நெல்லையில் அது இன்னும் ஒரு படி கூடுதல். “ஆச்சி வெரல வச்சாவ, வுழல” என்று சொல்கிற பிள்ளை, புத்தகத்தில் “பாட்டி விரலை வைத்தாள்” என்று பார்க்கிறது. சொல் மாறுகிறது, ஒலி மாறுகிறது, அதோடு மரியாதையும் போய்விடுகிறது. ‘வச்சாவ’ என்று பழகின வாய்க்கு ‘வைத்தாள்’ என்று ஆச்சியைச் சொல்ல மனசு வராது. அதனால்தான் மேலே உள்ள கதையில் ‘வைத்தார்’. மரியாதை போகாமல் எழுத்து வடிவத்துக்கு வர அது ஒரு வழி.

எனக்குச் சரியாகப் படுகிற முறை இது: கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆட்கள் பேசுவது ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன் பெரியவர்களுக்கு எழுதிய கதைகளில் ஊர்ப் பேச்சு வருகிறது. பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்தில் மட்டும் எல்லா ஆட்களும் செய்தி வாசிக்கிற மாதிரி ஏன் பேச வேண்டும்? பிள்ளை தானே சொல்லும் கதையைக் கரும்பலகையின் ஒரு பக்கம் சொன்னபடியே எழுதி, மறுபக்கம் புத்தக வடிவில் எழுதிக் காட்டலாம். “இப்படிப் பேசுகிறோம், இப்படி எழுதுகிறோம்” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘வுழல’ என்பதைத் தப்பு என்று அடித்துத் திருத்தினால், பிள்ளை மறுநாள் கையைத் தூக்காது. பேசாத பிள்ளையை வாசிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

எந்தச் சிக்கலைக் கதையாக்குவது என்பதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். அன்றாடச் சிக்கல் என்றவுடன் பிள்ளையின் வறுமையை எடுத்துக் கரும்பலகையில் எழுதிவிடக் கூடாது. கட்டணம் கட்டாமல் வெளியே நின்ற பிள்ளையின் கதையை, அதே நிலையில் இருக்கும் பிள்ளையை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வது கொடுமை. கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். வேறு ஊர், வேறு பெயர், பிள்ளைக்குப் பதில் ஆச்சி. தன் கதை என்று யாரும் விரல் நீட்டாத தூரத்தில் இருந்தால்தான் பிள்ளை அதற்குள் நிம்மதியாக நுழைந்து யோசிக்கும்.

இன்னொன்று இந்த மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது மறைக்க முடியாதது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். பள்ளிகளில் சாதி வேற்றுமையைப் போக்க வழி சொல்ல அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டும் கயிற்றின் நிறத்திலேயே சாதி தெரிகிற வகுப்பறைகள் நம்முடையவை. இங்கே கதை எழுதுகிறவர் ஆட்களின் பெயரையும் தெருவையும் தேர்ந்தெடுப்பதுகூடச் சும்மா செய்கிற காரியமில்லை. எப்போதும் ஒரே பக்கத்துப் பெயர்கள் உதவி செய்வதும், இன்னொரு பக்கத்துப் பெயர்கள் உதவி வாங்குவதுமாக இருந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதோடு, எல்லாத் தடையையும் பிள்ளையின் சமயோசிதத்தால் தீர்க்கும் புதிராக மாற்றவும் கூடாது. செருப்பு தொலைந்தால் பிள்ளை தேடலாம், ரேகை விழாவிட்டால் வேறு விரலை வைக்கச் சொல்லலாம். சாதி சொல்லி ஏசியதைப் பிள்ளை எப்படிச் சமாளித்தது என்று ‘புத்திசாலிக் கதை’ எழுதினால், அநியாயத்தைச் சமாளிப்பது உன் வேலை என்று சொல்லிக்கொடுப்பதாக ஆகிவிடும். அந்தக் கதையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று ஏதாவது செய்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் கதையை வாசிப்புப் பாடத்துக்கு எடுக்காமல் இருப்பதே மேல்.

பேரிடர்களிலும் அளவு பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலிக்குள்ளும் வந்தது. வீடு போனதை ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிப்புப் பாடமாக்க வேண்டாம். “தீப்பெட்டி நனைந்துவிட்டது. அடுப்பு எரிய வேண்டும்” என்பது போதும். அந்த வயதுக்கு அதுவே வெள்ளம்தான். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன ரயிலின் கதையைக் கொடுக்கலாம். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய்விட்டது, சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்ததை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். அரிசி எங்கே கிடைத்திருக்கும், விறகு நனையாமல் எப்படி இருந்திருக்கும், யாருக்கு முதலில் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டால் ஒரு வாரத்துக்கு எழுத விஷயம் உண்டு.

கதையின் கடைசியில் நீதி எழுதும் வழக்கத்தை விட்டுவிடலாம். “ஆகவே குழந்தைகளே” என்ற வரி வந்ததும், அதுவரைக்கும் யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும். இனி பரீட்சைக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான் என்று அதற்குத் தெரியும்.

இதற்கெல்லாம் தனியாகத் திட்டம் எதுவும் வர வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகள் தெருவுக்குள்ளேயே நடந்தன. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி தந்தது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியான சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. சட்டகம் இருக்கிறது. மாநிலம் முழுக்க ஒரே மாதிரி அச்சாகும் புத்தகத்தில் முக்கூடல் ஆச்சியும் மறுகால் தண்ணீரும் வர முடியாது என்பதும் நியாயம்தான். அந்த இடத்தை உள்ளூர் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் நிரப்ப வேண்டும். ஒரு தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். பக்கத்துக்கு மூன்று வரி எழுதினால் ஒரு கதை. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் சிக்கல் உச்சத்தில் இருக்கட்டும், பக்கத்தைத் திருப்பினால்தான் தெரிய வேண்டும். எழுத்து பெரிதாக, சொற்களுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு இருக்கட்டும். ‘போய்க்கொண்டிருந்தபோது’ மாதிரி நீண்ட சொற்களைத் தொடக்கத்தில் ‘போகும்போது’ என்று மாற்றிவிடலாம்.

நாலு, ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டால் அதே ஆச்சி கதையை இன்னொரு கேள்வியோடு திரும்ப எடுக்கலாம்: ரேகை விழாததை யார் சரி செய்ய வேண்டும்? ஆச்சியா, மாரியா, கடைக்காரரா, மெஷின் கொடுத்தவர்களா? பிள்ளைகள் சண்டை போடுவார்கள், போடட்டும். அதற்குப் பிறகு எழுத வேண்டியது மனு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் நடப்பதும், அங்கே மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்கிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதும் பல பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்த சங்கதிதான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மூன்று தலைப்பு. அதன் கீழே என்ன நடந்தது, எத்தனை தடவை நடந்தது, என்ன செய்து பார்த்தோம், அப்படியும் ஏன் சரியாகவில்லை, என்ன செய்து தர வேண்டும். கதையின் எலும்புக்கூடு அப்படியே மனுவுக்குள் வந்திருப்பதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். முதல் தடவை எழுதும்போது ‘விழல’ என்றும் ‘வச்சாவ’ என்றும் வரும். அதைப் பக்கத்துப் பெஞ்சுக்காரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கலெக்டர் வாசித்தால் புரியுமா என்று கேட்டால், அவனே உட்கார்ந்து திருத்திக் கொடுப்பான்.